படகு இழுக்கப் பிக்கப் வாங்குகிறீர்களா? பின்பெட்டியின் நீளம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

18 அடி முதல் 23 அடி வரையான பைபர் படகு, அதன் பின்னால் 8 முதல் 40 குதிரைவலு வரையான வெளியிணைப்பு இயந்திரம்: குருநகரிலிருந்து பருத்தித்துறை வரை யாழ்ப்பாணக் கரைகளில் பெரும்பாலும் காண்பது இதுதான். இந்த அளவுப் படகை ட்ரெயிலரில் ஏற்றிப் பிக்கப்பால் இழுக்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாளாந்தம் தொழிலுக்குப் போகிறவர், பருவத்துக்குப் பருவம் வாடி (கரையோரத் தொழிற்குடில்) மாறுகிறவர், லீவு நாளில் மட்டும் கடலில் இறங்குகிறவர் என எல்லோரையும் மனதில் வைத்திருக்கிறேன். பல நாள் கலங்கள் ட்ரெயிலரில் ஏறுபவை அல்ல. அவற்றைப் பற்றி இங்கே பேச்சில்லை.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எந்த நீளப் பெட்டி வாங்கலாம்?

குடும்பத்தோடு போகிறவருக்கும், படகையும் இயந்திரத்தையும் மட்டும் கொண்டுபோகிறவருக்கும் இரண்டு வரிசை ஆசனமுள்ள டபுள் கெப்பின் 5 அடிப் பெட்டி போதும். வலை, ஐஸ் பெட்டி, மண்ணெண்ணெய்க் கான் என்று எல்லாவற்றையும் தினமும் சேர்த்து ஏற்றுகிற தொழிலாளிக்கு ஒரே வரிசை ஆசனமும் ஏழரை அடிப் பெட்டியும் உள்ள சிங்கிள் கெப் நல்லது. இரண்டுக்கும் நடுவே, முன் ஆசனங்களுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட்டு 6 அடிப் பெட்டியோடு வரும் ஒன்றரைக் கெப் உண்டு. அது கிடைத்தால் தயங்காமல் பாருங்கள்.

ஆனால் பெட்டி நீளத்தை மட்டும் வைத்து வண்டியைத் தேடத் தொடங்காதீர்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், பின் அச்சிலிருந்து ட்ரெயிலர் பூட்டும் கொக்கி எவ்வளவு தள்ளி நிற்கிறது, வண்டி தாங்கக்கூடிய எடை ஆகிய மூன்றும்தான் இழுவையைத் தீர்மானிக்கின்றன. பாரத்தை அச்சுக்கு முன்னால் வைக்க முடியுமா, பின்னால்தான் வைக்க வேண்டுமா என்ற இடத்தில்தான் பெட்டியின் நீளம் கணக்குக்குள் வருகிறது. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கனடாவில் இருக்கிற அத்தான், எட்டடிப் பெட்டிதான் இழுக்கத் திறம் என்கிறார். உண்மையா?

அவர் ஊரில் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. வட அமெரிக்கப் பிக்கப்புகளில் ஏறத்தாழ ஐந்தரை, ஆறரை, எட்டு அடி என்று மூன்று நீளங்களில் பெட்டி வரும். ஒரே கெப்பை வைத்துக்கொண்டு பெட்டியை நீட்டினால் வண்டியின் அடிச்சட்டமான செசியும் நீளும். ஃபோர்ட் எஃப்-150 இன் நாலு கதவு மொடலை எடுங்கள். ஐந்தரை அடிப் பெட்டியோடு அதன் வீல்பேஸ், அதாவது இரண்டு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரம், 145 அங்குலம். ஆறரை அடிப் பெட்டியோடு 157 அங்குலம். பெட்டி கூடிய அளவுக்கு வீல்பேஸும் கூடியிருக்கிறது. வீல்பேஸ் நீண்ட வண்டியின் பின்பக்கத்தை ட்ரெயிலர் பக்கவாட்டில் தள்ளினாலும் வண்டி எளிதில் திசை மாறாது. அத்தான் அனுபவத்தில் கண்டது இதைத்தான்.

ஆனால் அதே எஃப்-150 இன் சிங்கிள் கெப்பில் எட்டடிப் பெட்டி வந்தால் வீல்பேஸ் 141 அங்குலம்தான். எட்டடிப் பெட்டி உள்ள வண்டி ஐந்தரை அடிப் பெட்டி உள்ளதை விடக் குட்டையாக நிற்கிறது. ஆகவே அங்கேயும் கெப்பைச் சொல்லாமல் பெட்டியை மட்டும் சொன்னால் விதி பிழையாகிப்போகும்.

நீளப் பெட்டி வேண்டும் என்று அங்கே சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரிய வீட்டு ட்ரெயிலர்களின் கொக்கி பெட்டிக்கு நடுவில், பின் அச்சின் மேல் பூட்டப்படும். குட்டைப் பெட்டி என்றால் திரும்பும்போது ட்ரெயிலரின் முன் மூலை கெப்பின் பின் கண்ணாடியில் மோதப் பார்க்கும். நமது படகு ட்ரெயிலர்கள் வண்டிக்குப் பின்னால் பூட்டுபவை. அந்தக் கவலை நமக்கில்லை.

இங்கே கிடைக்கும் பிக்கப்புகளில் பெட்டி நீண்டால் வீல்பேஸ் நீளாதா?

பெரும்பாலும் நீளாது. ஹைலக்ஸை எடுத்துக்கொள்வோம். 2005 இல் வந்த வடிவத்திலும் 2015 இல் வந்த வடிவத்திலும் டபுள் கெப்பின் வீல்பேஸ் 3,085 மில்லிமீற்றர். நாலு சில்லு இழுவையுள்ள சிங்கிள் கெப்புக்கும் அதே 3,085 தான். கெப் சுருங்கிய அளவுக்குப் பெட்டி முன்னோக்கி நீண்டிருக்கிறது. செசி அப்படியே இருக்கிறது. டபுள் கெப்பில் பெட்டி சுமார் 5 அடி, ஒன்றரைக் கெப்பில் சுமார் 6, சிங்கிள் கெப்பில் சுமார் ஏழரை. குட்டை வீல்பேஸோடு வந்த சிங்கிள் கெப்புகளும் உண்டு. ஆகையால் பழைய வண்டி பார்க்கப் போகும்போது அளவு நாடா ஒன்றைக் கொண்டுபோய், முன் சில்லின் நடுவிலிருந்து பின் சில்லின் நடுவரை நீங்களே அளந்து பாருங்கள்.

மற்ற வண்டிகளோடு ஒப்பிட: 2012 இல் வந்த டி-மக்ஸ் வடிவம் 3,095, 2011 இல் வந்த ரேஞ்சர் வடிவம் 3,220, 2005 முதல் 2023 வரை வந்த எல்200 டபுள் கெப் 3,000 மில்லிமீற்றர். படகு இழுக்கும் வேலைக்கு, 5 அடிப் பெட்டியுள்ள ரேஞ்சர் அதே பெட்டியுள்ள எல்200 ஐ விட நிதானமாக நிற்க இந்த ஒரு சாண் வித்தியாசம் ஒரு காரணம்.

அப்படியென்றால் நீளப் பெட்டியால் இழுவைக்கு என்ன பயன்?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் வாசிக்க நேரம் என்றால் இதை வாசியுங்கள்.

டபுள் கெப், சிங்கிள் கெப் இரண்டுக்கும் செசி ஒன்று என்பதால் பின்கதவு நிற்கும் இடம் மாறுவதில்லை. மாறுவது பெட்டியின் முன்சுவர். டபுள் கெப்பில் அந்தச் சுவர் பின் அச்சுக்குச் சற்று முன்னால் நிற்கிறது. பெட்டியின் பெரும்பகுதி அச்சுக்குப் பின்னால் தொங்குகிறது. சிங்கிள் கெப்பில் முன்சுவர் நன்றாக முன்னுக்குப் போய்விடுவதால் அச்சு பெட்டியின் நடுப்பகுதிக்குக் கிட்ட வருகிறது.

இனி எடையை வைத்துப் பார்ப்போம். ட்ரெயிலர் கொக்கியில் 100 கிலோ அழுத்துகிறது, கொக்கி பின் அச்சிலிருந்து 1.25 மீற்றர் பின்னால் இருக்கிறது, வீல்பேஸ் 3.085 மீற்றர் என்று வையுங்கள். அந்த 100 கிலோ முன் சில்லுகளிலிருந்து ஏறத்தாழ 40 கிலோவைத் தூக்கிவிடும். பின் அச்சுக்கு 140 கிலோ ஏறும். இப்போது ஈர வலையும் ஐஸும் சேர்ந்த 200 கிலோவை அச்சுக்கு 60 சென்ரிமீற்றர் பின்னால் வைத்தால் முன் சில்லிலிருந்து இன்னும் 39 கிலோ போகும். மொத்தம் 80 கிலோ அளவுக்கு முன்பக்கம் இலேசாகிவிட்டது. பின் அச்சில் 380 கிலோ.

அதே 200 கிலோவை அச்சுக்கு 60 சென்ரிமீற்றர் முன்னால் வைத்தால் முன் சில்லுக்கு 39 கிலோ திரும்பக் கிடைக்கிறது. கொக்கி தூக்கியதும் வலை அழுத்தியதும் சரிக்குச் சரி. பின் அச்சில் 300 கிலோதான். இரண்டு வண்டியும் ஒரே பாரத்தைத்தான் சுமக்கின்றன; ஆனால் ஸ்டியரிங்கும் முன் பிறேக்கும் இரண்டாவது வண்டியில்தான் நம் சொல் கேட்கும். மழை நாளில் பரந்தனுக்கும் ஆனையிறவுக்கும் இடையே சடுதியாகப் பிறேக் அடிக்க வேண்டி வந்தால் வித்தியாசம் காலடியில் தெரியும்.

டபுள் கெப் வைத்திருப்பவர் மனம் தளர வேண்டாம். பாரமானதை முன்சுவரோடு ஒட்டி வைத்தால் அது ஏறத்தாழ அச்சின் மேலே வந்து விழும், முன்பக்கத்தைத் தூக்காது. மண்ணெண்ணெய்க் கானும் ஐஸ் பெட்டியும் முன்சுவரோடு; கயிறு, மிதவை, உடுப்பு மூட்டை போன்ற இலேசானவை பின்கதவுப் பக்கம். எடுக்க வசதி என்று பலர் இதைத் தலைகீழாக ஏற்றுவதைப் பார்க்கிறேன். தயவுசெய்து மாற்றுங்கள்.

கொக்கியில் எவ்வளவு எடை அழுத்த வேண்டும்?

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும், பின்பாரம் கூடினால் நுகம் மேலே எழும். ட்ரெயிலரிலும் அதுதான். படகு, இயந்திரம், ட்ரெயிலர் எல்லாம் சேர்ந்த எடையில் நூற்றுக்குப் பத்து அளவு கொக்கியில் முன்பாரமாக இருப்பது நல்லது. 800 கிலோ என்றால் 80 கிலோ. பின்பாரமாகிப் போனால் வேகம் எடுத்ததும் ட்ரெயிலர் இரண்டு பக்கமும் வாலடிக்கத் தொடங்கும். அது நொடிக்கு நொடி வளரும்.

அளக்கக் குளியலறைத் தராசு போதும். சமதரையில் தராசை வைத்து, அதன்மேல் மரக்கட்டை வைத்து, கொக்கி வண்டியில் நிற்கும் அதே உயரத்தில் ட்ரெயிலரின் முன்முனையை இறக்குங்கள். குறைவாகக் காட்டினால் படகின் மூக்கு முட்டும் கம்பத்தை முன்னால் நகர்த்திப் படகை முன்னுக்கு இழுக்க வேண்டும். கூடுதலாகக் காட்டினால் பின்னுக்கு. ஒருமுறை சரிபார்த்து, கம்பம் நிற்கும் இடத்தில் பெயின்ற்றால் கோடு போட்டு வைத்தால் அடுத்தமுறை தேட வேண்டியதில்லை. படகின் அடியில் தேங்கிய தண்ணீரும் ஓடும்போது பின்னால் போய்ப் பின்பாரமாகும். புறப்பட முன் தக்கையைக் கழற்றி வடிய விடுங்கள். இறக்க முன் திரும்ப அடிக்க மறக்காதீர்கள்.

பெட்டிக்குள் இன்னும் இடம் இருக்கிறதே, ஏற்றக்கூடாதா?

இடம் இருப்பதும் எடை தாங்குவதும் வேறு வேறு. நீளப் பெட்டியின் ஆபத்து இதுதான். இடம் இருக்கும்வரை கை ஏற்றிக்கொண்டே இருக்கும். வண்டி தாங்கக்கூடிய எடையிலிருந்து பெட்டிப் பாரம் மட்டுமல்ல, கெப்புக்குள் இருக்கும் ஆட்களும் கொக்கியின் முன்பாரமும் கழியும்.

ஒரு டபுள் கெப் 900 கிலோ தாங்கும் என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். ஆட்கள் நாலு பேர் 280. இயந்திரம் 50. 20 லீற்றர் மண்ணெண்ணெய்க் கான் ஐந்து 80. மண்ணெண்ணெய் லீற்றருக்கு 0.8 கிலோ வரும். ஐஸும் பெட்டியும் 120. வலை காய்ந்திருக்கும்போது 150. முன்பாரம் 80. கூட்டினால் 760. போகும்போது சரி. திரும்பும்போது வலை நனைந்திருக்கும், ஐஸ் பெட்டியில் மீனும் இருக்கும். எண்ணெய் தீர்ந்த எடையை விட ஏறிய எடை கூட. திரும்பி வரும் எடையை வைத்துத்தான் வண்டியைத் தெரிவு செய்ய வேண்டும்.

விளம்பரங்களில் 3,500 கிலோ இழுக்கும் என்று இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பிறேக் உள்ள ட்ரெயிலருக்கு. வண்டியும் ட்ரெயிலரும் சேர்ந்த மொத்த எடைக்கு வேறொரு எல்லை உண்டு. பெட்டியை நிரப்பினால் இழுக்கக்கூடியது குறையும். நமது படகுகளுக்கு 3,500 தேவையே இல்லை என்பது நல்ல செய்தி.

என் படகின் எடை எனக்குத் தெரியாது.

பலருக்கும் தெரியாது. செய்தவர் சொன்ன எடை வெறும் உடலின் எடை. அதன்பின் ஒட்டிய பைபர், அடித்த பெயின்ற், பலகை, நுரைக்குள் ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்ந்திருக்கும். ட்ரெயிலரோடு கொண்டுபோய் லொறி நிறுக்கும் தராசில் ஒருமுறை நிறுங்கள். ஊகத்தில் ட்ரெயிலர் செய்விக்க வேண்டாம்.

வெளியிணைப்பு இயந்திரத்தைப் படகிலேயே விடலாமா, பெட்டிக்குள் வைக்கவா?

15 குதிரைவலு இருவீச்சு இயந்திரம் 40 கிலோவுக்கு உட்பட்டது. ஒருவர் கழற்ற இருவர் தூக்கலாம். பெட்டிக்குள் வைப்பதே நல்லது. படகின் பின்பலகையில் தொங்கவிட்டால் ஒவ்வொரு குழியிலும் அது பலகையை உதைக்கும்; ட்ரெயிலரும் பின்பாரமாகும். படுக்க வைத்தால் நாலு அடிக்குக் கிட்ட நீளம் வரும் என்பதால் 5 அடிப் பெட்டிக்குள் பின்கதவைச் சாத்திக்கொண்டே வைக்கலாம்.

படுக்க வைக்க முன் நிமிர்த்திப் பிடித்துத் தண்ணீரை முழுக்க வடிய விடுங்கள். இயந்திரத் தலை எப்போதும் தண்ணீரில் சுழலும் காற்றாடிப் பக்கத்தை விட உயரத்தில் இருக்கட்டும். மாறி வைத்தால் எஞ்சிய உப்புத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும். கீழே பழைய ரயர் ஒன்றைப் போட்டு அதன்மேல் தலையை வைத்துக் கட்டினால் குலுக்கம், உப்புத் தண்ணீர் இரண்டு பிரச்சினையும் தீரும்.

40 குதிரைவலு 70 கிலோவைத் தாண்டும். அதைத் தினமும் கழற்றிப் பூட்டுவது முதுகுக்குக் கேடு. படகிலேயே விடுவதென்றால் இயந்திரக் காலுக்கும் ட்ரெயிலருக்கும் இடையே கட்டை கொடுத்துத் தாங்கவிட்டு, முன்பாரத்தைத் திரும்ப அளக்க வேண்டும்.

ட்ரெயிலரே வேண்டாம், ஏழரை அடிப் பெட்டியில் படகை ஏற்றிவிடலாமே?

பத்தடிக்கு உட்பட்ட சிறு வள்ளம் என்றால் சரி. 18 அடிப் படகை ஏழரை அடிப் பெட்டியில் வைத்தால் பத்தடிக்கு மேல் வெளியே நிற்கும். கெப்பின் மேல் கம்பிச் சட்டம் அடித்து மூக்கை அதில் சாத்திக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். பைபர் உடல் இரண்டு புள்ளிகளில் மட்டும் தாங்கி நின்று குலுங்கினால் அடிப்பகுதியில் மயிர்வெடிப்பு விழும். தண்ணீரில் இறக்கிய பின்தான் தெரியும். பின்னால் நீட்டி நிற்கும் பகுதி இரவில் மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் நெஞ்சு உயரத்துக்கு வருகிறது. எப்போதாவது ஒருமுறை படகு மாற்ற வேண்டுமென்றால் நீளத் தட்டுள்ள கன்ரர் லொறியைக் கூலிக்குப் பிடியுங்கள்.

எங்கள் ஒழுங்கை ஒடுக்கம். நீளப் பெட்டி வண்டி திரும்புமா?

செசி ஒன்றானால் திரும்பும் வட்டமும் ஏறத்தாழ ஒன்றுதான். பெட்டி நீளத்தால் ஒழுங்கை சிக்கலாகாது. உண்மையான சிக்கல் ட்ரெயிலரின் முன் நீட்டுக் கம்பி. அது குட்டையாக இருந்தால் ஒழுங்கை முடக்கில் வண்டியின் பின் மூலை படகின் மூக்கில் இடிக்கும். பின்னோக்கி எடுக்கும்போது ட்ரெயிலர் சட்டென்று மடிந்துவிடும். சற்று நீண்டால் பின்னோக்கி எடுப்பது எளிது, ஆனால் மதில் மூலையைக் கூடுதலாக வெட்டும். வெல்டிங் பட்டறைக்குச் சொல்ல முன் வீட்டு கேற்றின் அகலத்தையும் ஒழுங்கையின் முடக்கையும் அளந்து கொண்டுபோங்கள்.

பின்கதவைத் திறந்தால் படகின் மூக்கிலோ படகை இழுத்தேற்றும் சுருட்டு இயந்திரத்திலோ முட்டுகிறதா என்றும் பாருங்கள். ட்ரெயிலர் பூட்டியபடியே ஐஸ் பெட்டியை இறக்க வேண்டியவர்களுக்கு இது தினசரித் தலையிடி.

குருநகர், நாவாந்துறைப் பக்கம் களப்பு ஆழமில்லை. வண்டியைத் தண்ணீருக்குள் இறக்க வேண்டி வருமே?

இந்தக் கேள்விக்குப் பெட்டி நீளம் எந்த உதவியும் செய்யாது, கயிறுதான் செய்யும்.

படகு ட்ரெயிலரிலிருந்து மிதந்து எழும்ப ட்ரெயிலர் நிற்கும் இடத்தில் சுமார் 60 சென்ரிமீற்றர் தண்ணீர் வேண்டும் என்று வையுங்கள். நன்றாகக் கட்டிய சாய்தளம் எட்டுக்கு ஒன்று அளவில் சரியும். ஐந்து மீற்றர் போனால் அந்த ஆழம் வந்துவிடும், வண்டியின் சில்லு நனைவதோடு சரி. களப்புக் கரை முப்பதுக்கு ஒன்று என்று சரிந்தால் 18 மீற்றர் போக வேண்டும். ட்ரெயிலர் 6 மீற்றர் என்றால் வண்டி முழுவதும் கடலுக்குள். நமது கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே நீர்மட்ட வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. வத்து முறிந்து பெருகும் நேரத்துக்குக் காத்திருந்தாலும் பெரிய மாற்றம் இராது.

செய்ய வேண்டியது இதுதான். ட்ரெயிலரின் முன்முனையில் பலமான சிறு சில்லு ஒன்று பூட்டுங்கள். கரையில் கொக்கியைக் கழற்றி, 15 முதல் 20 மீற்றர் தடித்த கயிற்றால் வண்டியோடு இணைத்து, ட்ரெயிலரைக் கையால் தள்ளி ஆழத்துக்கு விடுங்கள். ஏற்றும்போது வண்டி காய்ந்த நிலத்தில் நின்று இழுக்கும். கயிறு இறுகி நிற்கும்போது அதன் இரு பக்கமும் ஆட்கள் நிற்கக்கூடாது. அறுந்த கயிறு காலை முறிக்கும். சேற்றில் புதையாமல் ட்ரெயிலருக்கு அகலமான ரயர் போடுவது நல்லது.

இறக்க முன் பத்துப் பதினைந்து நிமிடம் ட்ரெயிலரை நிற்க விடுங்கள். ஓடிச் சூடான சில்லுக் குடத்தைக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தினால் உள்ளே இருக்கும் காற்றுச் சுருங்கி உப்புத் தண்ணீரை பெயாரிங்குக்குள் உறிஞ்சிவிடும். அந்த நேரத்தில் விளக்கு வயரைக் கழற்றுங்கள், தக்கையை அடியுங்கள், இயந்திரத்தைப் பூட்டுங்கள்.

மணற்காடு, செம்பியன்பற்றுப் பக்கம் மணல். நாலு சில்லு இழுவை கட்டாயமா?

காய்ந்த மணலில் ட்ரெயிலரோடு ஏறி இறங்குவதென்றால் ஆம். வெறும் பிக்கப்பின் பின்பக்கம் இலேசு. பின் சில்லு மட்டும் இழுக்கும் வண்டி சுழன்று புதைந்துவிடும். ரயர்க் காற்றைக் குறைத்துக்கொண்டு மெதுவாகப் போனால் பாதி வேலை முடிந்தது. றோட்டுக்கு ஏறியதும் திரும்பக் காற்றடிக்க ஒரு பம்ப் பெட்டிக்குள் இருக்கட்டும். சில்லுக்கு அடியில் கொடுக்கப் பலகை இரண்டும் வேண்டும். ஏழரை அடிப் பெட்டியில் நீளப் பலகை படுத்துக் கிடக்கும் என்பது சிங்கிள் கெப்காரருக்குக் கிடைக்கும் சிறு வசதி.

வடக்குக் கரையில் முருகைக்கல் பாறை உள்ள இடங்களில் நாலு சில்லு இழுவையை விட ரயரின் பக்கச்சுவர்தான் முக்கியம்.

பாலங்களில் காற்று அடிக்கும்போது?

பண்ணைத் தாம்போதி, காரைநகர் வீதி, 2011 இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் எல்லாவற்றிலும் மறைப்பே இல்லை. சோளகம் பலத்து வீசும் மாதங்களில் படகின் உயர்ந்த பக்கச்சுவர் காற்றை முழுசாக வாங்கும். முன்பாரம் சரியாக இருந்து, வேகம் குறைவாக இருந்தால் வண்டி நேராகப் போகும். ட்ரெயிலர் வாலடிக்கத் தொடங்கினால் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதீர்கள், பிறேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள். நேராகப் பிடித்தபடி அக்சிலேற்றரிலிருந்து காலை எடுங்கள். அடங்கியதும் ஓரத்தில் நிறுத்திப் பாரத்தை முன்னுக்கு மாற்றுங்கள்.

ட்ரெயிலருக்குப் பிறேக் வேண்டுமா?

ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பிறேக் இல்லாத ட்ரெயிலருக்கு 750 கிலோதான் எல்லை. படகோடு சேர்த்து அதைத் தாண்டினால் பிறேக் போடுங்கள். செலவு கூடத்தான். ஆனால் ஏ9 வீதியில் மாடும் நாயும் குறுக்கே வரும்போது பின்னால் ஒரு தொன் தள்ளிக்கொண்டு வருவதை நினைத்துப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் இறங்கும் பிறேக் சீக்கிரம் துருப்பிடித்து இறுகிப்போகும், கழுவுவதில் சோம்பக்கூடாது.

கொக்கிப் பந்தைப் பின் பம்பரில் பூட்டலாமா?

பம்பரில் துளை இருக்கிறது என்பதற்காகப் பூட்டாதீர்கள். கொக்கித் தண்டு செசியின் இரு பக்கச் சட்டங்களிலும் போல்ட்டால் இறுக வேண்டும். பந்தில் 50 மில்லிமீற்றர், 2 அங்குலம் என்று இரு அளவு சந்தையில் கிடக்கின்றன. 2 அங்குலம் 50.8 மில்லிமீற்றர், பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். 2 அங்குலக் கொக்கியை 50 மில்லிமீற்றர்ப் பந்தில் பூட்டினால் குழியில் விழும்போது கழன்று பாயலாம். இரண்டிலும் அளவு பொறித்திருக்கும், பார்த்து வாங்குங்கள். பாதுகாப்புச் சங்கிலி இரண்டைக் குறுக்காகப் போட்டு மாட்டுங்கள். கொக்கி கழன்றாலும் முன்முனை நிலத்தில் குத்தாமல் சங்கிலியில் தாங்கும்.

படகிலோ பின்பெட்டியிலோ ஆட்கள் இருந்து வரலாமா?

ட்ரெயிலரில் இருக்கும் படகுக்குள் ஒருபோதும் வேண்டாம், சிறுவர்களை எந்த நிலையிலும் வேண்டாம். கயிறு தளர்ந்தால் படகு நழுவுவது உள்ளே இருப்பவரோடுதான். ஐந்து பேர் போக வேண்டிய குழு என்றால், நீளப் பெட்டியை விட்டுவிட்டு டபுள் கெப் வாங்க இதுவே போதுமான காரணம். எல்லோரும் கெப்புக்குள் பெல்ற் போட்டு இருக்கட்டும்.

பழைய வண்டி பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் தொடங்கினாலும் வரியோடு புதுப் பிக்கப்பின் விலை பலருக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. ஆகவே பழையதைத்தான் பார்ப்போம். கடல் பக்கம் ஓடிய வண்டியா என்று முதலில் பாருங்கள். பெட்டியைத் தட்டிப் பார்ப்பது போதாது; வண்டிக்குக் கீழே படுத்து, பின் அச்சுக்கு மேலே செசி வளையும் இடம், ஸ்பிரிங் பட்டை தொங்கும் காதுகள், பிறேக் குழாய் மூன்றையும் ரோச் அடித்துப் பாருங்கள். புதுக் கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தால் சுரண்டிப் பாருங்கள். பின் டிஃபரன்சல் எண்ணெயைச் சிறிது இறக்கினால், வெளிறிக் கலங்கியிருப்பது தண்ணீருக்குள் போன வண்டி. பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டிருந்தால் பாரம் ஏற்றி அடித்திருக்கிறார்கள். அது தாங்கும் எடையைக் கூட்டிவிடும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். அச்சும் பிறேக்கும் செசியும் பழையபடியே இருக்கின்றன.

உப்பிலிருந்து வண்டியை எப்படிக் காப்பாற்றுவது?

நல்ல தண்ணீரால், அன்றைக்கே. தீவகத்திலும் கரையோரத்திலும் பல கிணறுகள் உவர். அந்தத் தண்ணீரால் கழுவினால் உப்பின் மேல் உப்பு. நன்னீர்க் கிணறு உள்ள இடத்தில், செசியின் உட்பக்கமும் ட்ரெயிலர்க் குழாய்களின் துளைகளும் நனையக் கழுவுங்கள். நனைந்த வலையைப் பெட்டிக்குள் இராத்தங்க விடாதீர்கள். பெட்டித் தளத்துக்கு இறப்பர் விரிப்புப் போட்டால் வாரம் ஒருமுறை அதைத் தூக்கிக் காய விடுங்கள். அதன் கீழே தேங்கும் ஈரம்தான் தளத்தைத் தின்கிறது.

பதிவு, சாரதி அனுமதிப்பத்திரம்?

ட்ரெயிலரைச் செய்விக்க முன்னரே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில், உங்கள் ட்ரெயிலரின் எடையைச் சொல்லிப் பதிவு பற்றியும் உங்கள் அனுமதிப்பத்திர வகுப்பு பற்றியும் கேளுங்கள். காப்புறுதிக்காரருக்கும் இழுக்கப் போவதை எழுத்தில் அறிவியுங்கள்.

இவ்வளவும் தேவையா? ரக்ரர் போதாதா?

வீட்டுக்கும் கரைக்கும் இடையே அரை மைல், வருடத்தில் சில தடவை பழுது பார்க்கப் படகை ஏற்ற வேண்டும் என்றால் ரக்ரரே போதும். மணலிலும் சேற்றிலும் அது பிக்கப்பை விட நன்றாக இழுக்கும். பருவத்துக்கு முல்லைத்தீவுக்கோ மன்னாருக்கோ படகோடு போய்வருகிறவர்களுக்குத்தான் பிக்கப் கட்டுபடியாகும். மற்றவர்கள் ரக்ரரைக் கூலிக்குப் பிடித்துவிட்டு, அந்தக் காசில் இயந்திரத்தைப் புதுப்பிக்கலாம்.